மூட்டைச் சீட்டில் என் கையெழுத்து

செவ்வாய்க்கிழமை, மாலை

அன்புள்ள தம்பிக்கு, அக்கா எழுதுவது.

வேட்டை நாய்க்கு எந்தத் தீனி நல்லது? போன வருஷம் நீ கேட்ட கேள்விதான். அன்றைக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டேன். இன்றைக்கு அதே கேள்வியைக் கேட்டால் தெரியாது என்றுதான் சொல்வேன். இருபத்திரண்டு வருஷமாகத் தீனி பரிசோதனைக் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறவள் சொல்கிற பேச்சா இது என்று சிரிப்பாய். சிரித்துக்கொள். இதற்கு மேல் இந்தக் கடிதத்தில் சிரிக்க அதிகம் இல்லை.

மேற்கொண்டு படிப்பதற்கு முன்னால் ஒரு காரியம் செய். வாயாடிக்கு இப்போது போடுகிற தீனியை நிறுத்து. மூட்டையைக் கட்டி அவளுக்கு எட்டாத இடத்தில் வை. கோழிக்குக்கூட ஒரு பிடி போடாதே. சாதத்தைக் குழைய வடித்து, வெந்த கோழிக்கறியைப் பிய்த்துப் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடு. அடிவாரத்து மிருக டாக்டரிடம் அவளைத் தூக்கிக்கொண்டு போ. தீனியில் பூஞ்சை நஞ்சு, கல்லீரலைப் பாருங்கள் என்று சொல். போய்விட்டு வந்து மீதியைப் படி.

உன் கடிதமும், அதோடு நீ அனுப்பிய மருந்து டப்பாவும் வெள்ளிக்கிழமை வந்தன. டப்பாவில் ஒரு பிடி தீனி. "இதுல புரதம் போதுமான்னு உன் மெஷின்ல போட்டுப் பாரு அக்கா. பத்தலேன்னா இன்னும் ஒரு பங்கு சேத்துப் போடறேன்" என்று எழுதியிருந்தாய். புரதம் சரியாக இருக்கிறது. மூட்டையில் அச்சடித்தது இருபத்தெட்டு, டப்பாவிலும் இருபத்தெட்டு. நீ கேட்டது அவ்வளவுதான். அவள் கண்ணின் வெள்ளை மஞ்சளாகிவிட்டது என்று இரண்டாம் பக்கத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தாய். அந்த ஒரு வரிக்காக, நீ கேட்காத ஒன்றையும் பார்த்தேன்.

ஈரம் காயாத சோளத்தில் ஒரு பூஞ்சை பிடிக்கும். அது விடுகிற நஞ்சுக்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது. நூறு கோடிப் பங்கில் இருபது பங்கு வரைக்கும் எங்கள் விதி பொறுத்துக்கொள்ளும். உன் டப்பாவில் நூற்றுத் தொண்ணூறு. கை தவறியிருக்கும் என்று இரண்டாவது தடவை போட்டேன். நூற்று எண்பத்தாறு. மூன்றாவது தடவைக்கும் தீனி மிச்சம் இருந்தது. எனக்குத்தான் தெம்பு இல்லை.

அந்த நஞ்சு சோளத்துக்குள் எப்படி வந்தது என்பதை மில்காரர் சொல்லட்டும். எங்களைத் தாண்டி உன் வீட்டுக்கு எப்படி வந்தது என்பதை நான்தான் சொல்ல வேண்டும்.

டப்பாவின் மேல் நீ எழுதியிருந்த சீட்டு எண்ணைப் பதிவேட்டில் தேடினேன். மூன்று மாதத்துக்கு முன்னால் அந்தச் சரக்கு எங்கள் வாசலுக்கு வந்தது. ஒரு லாரி, இருநூறு மூட்டை. பத்து மூட்டையில் இரும்புக் குழலைக் குத்தி மாதிரி எடுக்க வேண்டும் என்பது விதி. மேலே, நடுவே, அடியில், உள்ளே என்று பிரித்துப் பிரித்து எடுக்க வேண்டும். இந்தப் பூஞ்சை சர்க்கரை மாதிரி எல்லா இடத்திலும் கரைந்திருக்காது. ஒரு மூட்டையில் குவிந்து கிடக்கும், பக்கத்து மூட்டை பரிசுத்தமாக இருக்கும். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு இந்தப் பாடத்தை எடுப்பதே நான்தான். "கைக்கு எட்டினதை எடுத்தா அது பரிசோதனை இல்ல, பிச்சை" என்பேன். அவர்களும் நோட்டில் எழுதிக்கொள்வார்கள்.

அன்றைக்குத் தூறல். லாரிக்காரர் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு நின்றார். "பத்து மூட்டைன்னா பாதி லோடை இறக்கணும் மேடம். நனைஞ்சா மில்லுக்காரர் என்னைக் காயப் போட்டுடுவார். இந்த மில்லு சரக்கு என்னிக்காவது ஃபெயில் ஆயிருக்கா, நீங்களே சொல்லுங்க" என்றார். வாஸ்தவம், ஆனதே இல்லை. கதவோரத்தில் கைக்கு எட்டிய மூன்று மூட்டையில் குத்தினேன். படிவத்தில் பத்து என்று எழுதினேன். அதில் எடுத்தது சோதனையில் சுத்தமாக வந்தது. தேறியது என்று என் கையெழுத்து முத்திரை குத்திய இருநூறு சீட்டு, மூட்டைக்கு ஒன்றாகத் தைக்கப் போயிற்று.

யாராவது கேட்டால் மழை என்று சொல்லலாம். சொல்லவும் நினைத்திருந்தேன். உன்னிடம் உண்மையைச் சொல்கிறேன். அப்போது மணி நாலே முக்கால். ஐந்து மணிக்கு கேண்டீனை மூடிவிடுவார்கள். எனக்கு ஒரு டீ வேண்டியிருந்தது. அவ்வளவுதான். ஜோசியம், விளம்பரம், பெரிய டாக்டர் எழுதிய சீட்டு எதையும் நம்பாதவள் என்று என்னைக் கிண்டல் செய்வாயே, அன்றைக்கு நான் என்னை மட்டும் நம்பிவிட்டேன்.

இன்னொன்றும் உறுத்துகிறது. போன வருஷம் அடிவாரக் கடையிலிருந்து நீ போன் செய்ததை நினைத்துப் பார்க்கிறேன். அப்போதுதான் பழத்தோட்டத்துக் காவல் வேலை உனக்குக் கிடைத்திருந்தது. பன்றி உள்ளே வராமல் விரட்டுகிற நாய் வைத்திருப்பவனுக்குத்தான் அந்த வேலை என்றாய். பத்து மாதக் குட்டி ஒன்றை வாங்கி, வீட்டுக்கு ஒரு ஊமைக்கோட்டான் போதும், நாயாவது பேசட்டும் என்று வாயாடி என்று பேர் வைத்ததாகச் சொன்னாய். ஊமைக்கோட்டான் நான் என்பதை விளக்க வேண்டியிருக்கவில்லை.

பிறகுதான் தீனிக்கு வந்தாய். "ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க அக்கா. பக்கத்துத் தோட்டத்து மீசைக்காரர் பச்சைக் கறி போட்டாத்தான் ரோஷம் வரும்ங்கறார். மேஸ்திரி, அரைப் பட்டினி போட்டாத்தான் நாய் ஓடும்ங்கறார். கடைக்கார அண்ணன் ஓநாய் படம் போட்ட மூட்டையைத் தட்டி, இதைத் தின்னா நாயே ஓநாய் ஆயிடும்ங்கறார். எனக்கு எதுக்கு ஓநாய்? படிச்சவ நீ சொல்லு." எனக்கு முன்னால் முடிக்க வேண்டிய அறிக்கை ஒன்று கிடந்தது. எங்கள் சீட்டு தைத்த மூட்டையாகப் பார்த்து வாங்கு, போதும் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அவள் எடை என்ன, ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் ஓடுகிறாள், ஓடுவதற்கு எத்தனை மணி நேரம் முன்னால் சாப்பிடுகிறாள் என்று மூன்று கேள்வியாவது கேட்டிருக்க வேண்டும். முகம் தெரியாத பால்பண்ணைக்காரர் போன் செய்தால் அரை மணி நேரம் பேசுகிறேன். தம்பி என்பதால் ஒரு வரி.

நீ அந்த ஒரு வரியை வேதவாக்காக எடுத்துக்கொண்டாய். இப்போது வாயாடி ஓடுவதில்லை, குரைப்பதில்லை, படுத்தே கிடக்கிறாள் என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே தப்பு உன்னுடையது என்கிறாய். போன மாதம் ஒரே நாளில் இரண்டு தடவை அவளைப் பன்றியின் பின்னால் ஓடவிட்டதால்தான் இப்படி ஆகிவிட்டது என்கிறாய். அதற்குப் பரிகாரமாகப் பங்கை இரட்டிப்பாக்கி, வெந்நீரில் ஊறவைத்து, அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் கையில் வைத்து ஊட்டுகிறாய். தம்பி, ஓடியதால் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஓடுவதற்கென்றே பிறந்தவள். உன் மேல் தப்பே இல்லை. அந்தத் தீனி வேண்டாம் என்று அவள் சொல்லியிருக்கிறாள். அக்கா சொன்னாள் என்று நீ ஊட்டியிருக்கிறாய்.

மீசைக்காரரின் நாய் போன மாதம் செத்துப்போனதையும் எழுதியிருக்கிறாய். வயசாகிவிட்டது என்று அவர் மனதைத் தேற்றிக்கொண்டாராம். பச்சைக் கறி பேசினவர் இப்போது உன்னைப் பார்த்து அதே கடையில்தான் தீனி வாங்குகிறார் என்று முன்பே எழுதியிருந்தாய்.

இன்று மத்தியானம் முடிவு கையில் வந்ததும், மலை மேல் உனக்குப் போன் இல்லை என்பதால் அடிவாரக் கடைக்கு போன் செய்தேன். பழ லாரியோடு செவ்வாய்க்கிழமை நீ இறங்கி வருவாய் அல்லவா? அந்தத் தீனியைப் போட வேண்டாம் என்று என் தம்பியிடம் சொல்லிவிடுங்கள், நீங்களும் யாருக்கும் விற்க வேண்டாம் என்றேன். "ஏன் மேடம், என்ன ஆச்சு?" என்று கேட்டார் கடைக்கார அண்ணன். சும்மாதான், பிறகு சொல்கிறேன் என்றேன். என் தப்பை மூன்றாம் மனிதரிடம் போனில் சொல்ல நாக்கு வரவில்லை. உனக்கு எழுதிவிடலாம், எழுத்தில் எனக்குச் சுலபம் என்று நினைத்தேன்.

நாளைக் காலைத் தபாலில் இதைச் சேர்க்கிறேன். அடுத்த மாதம் அறுவடை. அதற்குள் வாயாடி எழுந்து நிற்காவிட்டால் தோட்டத்து முதலாளி வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார் என்பதை நீ எழுதவில்லை. எழுதாவிட்டால் எனக்குத் தெரியாதா?

புதன்கிழமை, சாயங்காலம்

இதை உன் வீட்டு வாசல்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். நேற்று எழுதியது என் கைப்பையிலேயே இருக்கிறது. இன்றைக்கு நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

காலையில் இயக்குநரின் மேஜையில் என் அறிக்கையை வைத்தேன். சரக்கு எண், நூற்றுத் தொண்ணூறு, மூன்று மூட்டை, பத்து என்று பொய்யாக எழுதியது, எல்லாம் அதில் இருந்தது. அவர் இரண்டு தடவை படித்தார். "நாம எடுத்து வெச்சிருக்கற சாம்பிள் சுத்தமா இருக்கேம்மா" என்றார். சுத்தமாகத்தான் இருக்கும், அது அந்த மூன்று மூட்டையில் எடுத்தது என்றேன். "சரக்கைத் திருப்பி எடுக்கச் சொல்லிடலாம். அந்த மூணுங்கற வார்த்தை மட்டும் வேண்டாம். அது இருந்தா உங்களை நான் காப்பாத்த முடியாது" என்றார். நல்ல மனிதர், எனக்காகத்தான் சொன்னார். நான் அந்த வார்த்தையை எடுக்கவில்லை. அறிக்கையைப் பதிவேட்டில் ஏற்றி எண் போட்டு வாங்கிக்கொண்டேன். விசாரணை முடிகிற வரைக்கும் வர வேண்டாம் என்றார். நான் வெளியே வரும்போது எல்லாக் கடைக்கும் விற்பனையை நிறுத்தச் சொல்லிப் போன் போய்க்கொண்டிருந்தது.

அதன் பிறகுதான், நேற்றைய சேதி உன்னிடம் வந்து சேர்ந்ததா என்று கேட்கக் கடைக்கு போன் செய்தேன். கடைக்கார அண்ணன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "வந்தாரு மேடம். நீங்க சொன்னதைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரிச்சாரு. எங்க அக்கா கையெழுத்து போட்டதை எங்க அக்காவே வேண்டாங்குமா, ஓநாய் மூட்டையை என் தலையில கட்டப் பாக்கறியான்னு கேட்டாரு. காரணம் என்னன்னாரு. சும்மாதான்னு சொன்னாங்கன்னேன். அப்ப சும்மாதான்னு இன்னொரு மூட்டையைத் தோள்ல தூக்கிட்டுப் போயிட்டாரு. நான் என்ன பண்ணட்டும்?"

தம்பி, நான் நேற்று அந்த இடத்திலேயே காரணத்தைச் சொல்லியிருந்தால் அந்த மூட்டை கடையை விட்டுக் கிளம்பியிருக்காது. லாரி வாசலில் செய்தது சோம்பல். இது வேறு. என் மானத்தைக் காப்பாற்ற நேற்று ராத்திரியும் இன்று காலையும் உன் கையாலேயே அவளுக்கு ஊட்ட வைத்தேன். அந்த இரண்டு வேளைக்கு எந்த மழையையும் நான் காரணம் சொல்ல முடியாது.

கையில் இருந்த பையோடு பஸ் ஏறினேன். அடிவாரத்தில் மிருக டாக்டரைப் பிடித்து, காலிக் கூடை ஏற்றிப் போகிற லாரியில் அவரையும் ஏற்றிக்கொண்டு மேலே வந்தேன். வழியில் அவர் சலித்துக்கொண்டே வந்தார். "இந்தப் பக்கம் இது நாலாவது நாய் மேடம். சீட்டு தைச்ச சரக்குன்னு சொல்றாங்க. எந்தப் புண்ணியவான் பாஸ் பண்ணினானோ?" நான்தான் என்றேன். ஆபீஸுக்கு வெளியே வாயால் முதன்முதலாக அவரிடம்தான் சொன்னேன். "ஓ" என்றார். அதற்குப் பிறகு லாரி நிற்கிற வரைக்கும் வெளியேதான் பார்த்துக்கொண்டு வந்தார்.

வீட்டில் நீ இல்லை. கதவு சாத்தியிருந்தது, பூட்டவில்லை. வாயாடி உன் பழைய சட்டையின் மேல் படுத்திருந்தாள். அந்நியர் இரண்டு பேர் உள்ளே வருகிறோம், அவள் குரைக்கவில்லை. என் கையை முகர்ந்தாள். எழுந்திருக்கப் பார்த்தாள், பின்னங்கால் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. பக்கத்துத் தட்டில் தீனி ஊறிக்கொண்டிருந்தது. டாக்டர் மருந்து ஏற்றினார், ஊசி போட்டார். "கல்லீரல் ரொம்பப் பொறுமைசாலி மேடம். பொறுத்துக்கிட்டே இருக்கும். பத்து நாள் தாண்டிட்டா எனக்கு நம்பிக்கை உண்டு. தாண்டுமான்னு கேக்காதீங்க" என்று சொல்லிவிட்டு அதே லாரியில் இறங்கிப்போனார். மாத்திரையும் எழுதிய சீட்டும் அலமாரியில் இருக்கின்றன. நாளைக் காலை திரும்ப வருவார்.

கதவுக்குப் பின்னால் ஒரு ஆணி. அதில் மூட்டைச் சீட்டுகளைக் கோத்து வைத்திருக்கிறாய். எண்ணிப் பார்த்தேன், பதினொன்று. ஒவ்வொன்றிலும் என் கையெழுத்து. அவற்றை நான் தொடவில்லை. கழற்றுவதா வேண்டாமா என்பதை நீ பார்த்துக்கொள்.

அப்போதுதான் மீசைக்காரர் வந்து எட்டிப் பார்த்தார். யார் என்று கேட்டார். அவனுடைய அக்கா என்றேன். "அடடே, கையெழுத்து அக்காவா! உக்காருங்கம்மா, டீ போட்டு எடுத்துட்டு வரேன். அவன் மேல்தோட்டத்துல வேலி கட்டப் போயிருக்கான். எப்பப் பாத்தாலும் உங்க பேச்சுதான்" என்று ஓடினார். ஓட்டமாகத்தான் ஓடினார், அந்த வயதில். டீயோடு திரும்பி வந்தவரிடம், உட்காருவதற்கு முன்னால் சொல்லிவிட்டேன். உங்கள் நாய் வயசாகிச் சாகவில்லை, நான் ஒழுங்காகப் பார்க்காமல் விட்ட தீனியால் செத்தது என்றேன். அவர் டம்ளரைப் படியில் வைத்தார். "ஆறு வயசும்மா அதுக்கு. ஆறு ஒரு வயசா? வேற என்ன சொல்றதுன்னு தெரியாம வயசுன்னு சொல்லிக்கிட்டேன்" என்றார். எழுந்து போய்விட்டார்.

அந்த டீயை நான் குடிக்கவில்லை. குடிக்க முடியவில்லை.

கொஞ்ச நேரத்தில் மண்வெட்டியோடு திரும்பி வந்தார். எவ்வளவு ஆழம் என்று மட்டும் கேட்டார். இடுப்பளவு என்றேன். கொல்லையில் தோண்டினார். விசாரணைக்கு ஒரு கிலோவை மட்டும் கட்டி எடுத்துக்கொண்டு, நீ நேற்று தூக்கி வந்த மூட்டையையும் முன்பே பிரித்திருந்த பாதி மூட்டையையும் குழியில் கொட்டினோம். மண்ணை மூடி மிதித்துவிட்டு, என்னைப் பார்க்காமல், "அவன்கிட்டயும் இதே மாதிரி நேராச் சொல்லிடுங்க" என்றார்.

வரும் வழியில் நான் நினைத்திருந்தது வேறு. நீ வந்ததும் இந்தக் காகிதத்தை உன் கையில் கொடுத்துவிட்டு, நீ படித்து முடிக்கிற வரைக்கும் வெளியே நின்றுகொள்ளலாம் என்றிருந்தேன். இனி அப்படிச் செய்ய மாட்டேன். முதலில் வாயால் சொல்கிறேன். காகிதம் பிறகு படிப்பதற்கு. நான் சொல்கிறபோது எதையாவது விட்டுவிட்டால் இதில் இருக்கும்.

அவளுக்குக் குழைந்த சாதம் வடித்தேன். கையில் வைத்து நீட்டினேன். முகர்ந்தாள், என் முகத்தைப் பார்த்தாள், நாலு பருக்கை நக்கினாள், நிறுத்திவிட்டாள். நீ ஊட்டினால் சாப்பிடுவாளோ என்னவோ. எந்தத் தீனி நல்லது என்ற உன் கேள்விக்கு இப்போதைக்கு எனக்குத் தெரிந்தது அந்த நாலு பருக்கைதான்.

இப்போது தலையைத் தூக்குகிறாள். குரைக்கவில்லை, ஆனால் வால் தரையில் இரண்டு தடவை தட்டியது. எனக்கு இன்னும் ஒன்றும் கேட்கவில்லை. மேலே சரிவில் நீதான் வருகிறாய் போலிருக்கிறது.

எனக்குச் சாமியிடம் கேட்கத் தெரியாது. உன்னிடம் கேட்கிறேன். என்னைத் திட்டு. எத்தனை வருஷம் பேசாமல் இருக்க வேண்டுமோ இரு. ஆனால் முதலில் உட்கார்ந்து அவளுக்கு ஒரு வாய் ஊட்டிவிட்டு, அப்புறம் திட்டு. அவள் நன்றாக இருக்க வேண்டும். நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அக்கா